ஐந்து மாடி விழுந்த சாண்ட்விச்

மூன்றாம் மாடி இஸ்திரிக்காரர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒருத்தி வந்துபோகிறாள் என்று முதலில் சொன்னது கீழ்வீட்டுத் தையல்காரம்மா. அவர் சொன்னபோது ‘ஒருத்தி’ மட்டும்தான் இருந்தாள். இரண்டாம் மாடிக் கணக்கு வாத்தியாரின் வாயிலிருந்து வெளியே வரும்போது அவளுக்கு உதட்டுச் சாயம் வந்திருந்தது. தெருமுனைப் பால்கடையை எட்டுவதற்குள் முப்பத்தைந்து வயதும் ஒரு பச்சை ஸ்கூட்டரும் அவளுக்குச் சேர்ந்துவிட்டன.

ஆதாரம் இல்லாமல் யாரும் பேசிவிடவில்லை. மனைவி ஊரில் இல்லாத ஐம்பத்தெட்டு வயது மனிதர், மீசையில் வெள்ளைப் பவுடரோடு படியிறங்கி வந்ததைத் தையல்காரம்மா கண்ணால் பார்த்திருக்கிறார். இன்னொரு ஞாயிறு சட்டைக் காலரில் சிவப்புக் கறை. ஊருக்கெல்லாம் கறை போக்குகிற ஆளின் காலரில் கறை என்றால் சும்மாவா? போதாக்குறைக்கு, மேலேயிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று படிக்கட்டின் நடு இடைவெளி வழியாக வந்து தொப்பென்று விழுந்திருக்கிறது. அவரும் பின்னாலேயே ஓடிவந்து அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாராம்.

விசாரித்துப் பார்த்ததில், பச்சை ஸ்கூட்டர் மின்சார மீட்டர் பார்க்க வருபவருடையது. அவருக்கும் மீசை உண்டு. மற்றபடி பொடி உண்மை, சிவப்பு உண்மை, துணி மூட்டையும் உண்மை. பெண்கூட ஒரு வகையில் உண்மைதான். அவள் வரவில்லை என்பதுதான் பிரச்சினையே.

இஸ்திரிக்காரரை, அவர் வேலை பார்க்கும் ஹோட்டலில் ‘மடிப்பு’ என்றால்தான் தெரியும். அவர் மடித்துக் கொடுத்த சட்டையைப் பெட்டியில் போட்டு மூன்று நாடு சுற்றி வந்தாலும் கோடு கலையாது என்பார்கள். ஹோட்டலுக்கு ஐந்து மாடி. சலவைக்கூடம் தரைக்கும் கீழே, ஜன்னல் கிடையாது. வெளியே மழை பெய்கிறதா என்பதை விருந்தாளிகளின் கால்சட்டை நுனியைப் பார்த்துத்தான் மடிப்பு தெரிந்துகொள்வார். இருபத்தொன்பது வருடமாக அவருக்கு வானிலை அறிக்கை அதுதான்.

அந்தக் கூடத்தின் மூலையில் சுவரோடு ஒரு தகரக் குழாய் இருக்கிறது. ஆள் நுழையலாம் போல அகலம். மேல்மாடிகளில் அழுக்குத் துணியைப் போட்டால் அது வழியாகச் சரிந்து கீழே கூடைக்கு வந்துவிடும். மடிப்பின் காதல், கல்யாணம், ஒரே மகள், இப்போது ஒரு பேரன், எல்லாமே அந்தக் குழாய் வழியாக வந்தவைதான்.

ஐந்தாம் மாடிச் சமையலறையில் எண்ணெய்ச் சட்டிக்கு ஒரு பெண் இருந்தாள். அவளுடைய ஏப்ரனின் நாடா எப்போதும் சலவையிலிருந்து முறுக்கிய கயிறு மாதிரிதான் திரும்பி வரும். மடிப்பு வேலைக்குச் சேர்ந்த வாரம் அது தட்டையாக, ஓலை மாதிரி நேராக வந்தது. நாடாவுக்குக்கூட இஸ்திரி போடுகிற பைத்தியம் யார் என்று அவள் சிரித்தாளாம். அன்று சாயங்காலம் அழுக்கு மேஜை விரிப்புகளுக்கு நடுவே ஒரு நாப்கின் பொட்டலம், சுடச்சுட, ஐந்து மாடி உருண்டு கீழே வந்தது.

உள்ளே இருந்த பண்டத்துக்கு மெனு அட்டையில் ஏதோ பிரபுவின் பெயர் போட்டிருந்தது. சமையலறையில் அதைச் சர்க்கரை சாண்ட்விச் என்பார்கள். மூன்று ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே ஹாம், கோழி, சீஸ், கொஞ்சம் கடுகு விழுது. அதை முட்டையும் பாலும் மாவும் அடித்த கரைசலில் தோய்த்து, எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து, மேலே பொடித்த சர்க்கரையைத் தூவி, பக்கத்தில் சிவப்பு ஜாமோடு வைப்பார்கள். உப்பா இனிப்பா என்று நாக்கு தீர்மானிப்பதற்குள் தட்டு காலியாகிவிடும். பில்லைப் பார்த்ததும் அது கசப்பு என்று தெரியும்.

மடிப்புக்குப் பில் வரவில்லை. தட்டும் வரவில்லை. பொட்டலம் கூடையில் வந்து விழுந்ததும் மேலே அவள் கரண்டியால் தகரக் குழாயை இரண்டு தட்டுத் தட்டுவாள். வந்துச்சா என்று அர்த்தம். இவர் ஹேங்கரால் இரண்டு தட்டுவார். வந்தது. இரண்டு வருடம் இப்படித் தட்டிக்கொண்டே இருந்து, கல்யாணமாகி, அவள் வேலையை விட்டாள். எட்டு மணி நேரம் எண்ணெய்ப் புகையில் நின்றவள் அந்தப் பண்டத்தை வீட்டில் ஒருநாளும் செய்யவில்லை. இவரும் கேட்கவில்லை.

ஒரே ஒரு வழக்கு மட்டும் பாக்கி இருந்தது. வேலையின் கடைசி நாள் அவள் அனுப்பிய பொட்டலம் வந்து சேரவில்லை. நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டது என்றாள். அனுப்பியதோடு தன் பொறுப்பு முடிந்தது என்பது அவள் கட்சி. கைக்கு வராத வரைக்கும் பாக்கிதான் என்பது இவர் கட்சி. இருபத்தேழு வருடமாக, வேறு சண்டை எதுவும் கிடைக்காத நாட்களில் இருவரும் இதை எடுத்துத் தூசி தட்டிக்கொள்வார்கள்.

மகள் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று சொல்லித்தான் அந்த அம்மாள் ரயில் ஏறினார். இப்போது ஒன்பதாவது மாதம் ஓடுகிறது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் வரும்.

“சாப்டீங்களா?”

“ம்.”

“என்ன சாப்டீங்க?”

“இருந்தத.”

“பையன் இன்னிக்குக் குப்புற விழுந்துட்டான்!”

“ஐயையோ, அடி பட்டுச்சா?”

“அட ராமா, குப்புற விழறதுன்னா வளர்றான்னு அர்த்தங்க. ஒரு பொண்ண வளர்த்த ஆளு கேக்கற கேள்வியா இது?”

எப்போது வருகிறாய் என்று கேட்கத்தான் அவர் ஒவ்வொரு நாளும் போனை எடுப்பார். அந்தக் கேள்வி நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டை வளைவில் மாட்டிக்கொள்ளும். பேரன் முகத்தை நினைத்தால் கேட்பது அநியாயம் என்று தோன்றும். கேட்காமல் வைத்தாலோ வீடு இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிடும். இரண்டு அறை வீடு எப்படிப் பெரிதாகும் என்று கேட்பவர்கள் ஒன்பது மாதம் தனியாக இருந்து பார்க்கட்டும்.

பேரன் குப்புற விழுந்த சமயத்தில்தான் அவருக்குச் சர்க்கரை சாண்ட்விச் ஞாபகம் வந்தது. செய்முறையை மனைவியிடம் கேட்கலாம். கேட்டால் ஏன் என்பாள். ஏன் என்றால் என்ன சொல்வது? அதனால் இப்போதைய சமையல்காரரைப் பிடித்தார்.

“முட்டை, பால், மாவு, ஒரு சிட்டிகை உப்பு. தோய்ச்சுப் போடுங்க. அவ்வளவுதான் மடிப்பண்ணே.”

சமையல்காரர்கள் ‘அவ்வளவுதான்’ என்கிற இடத்தில்தான் எல்லாமே இருக்கிறது. முதல் ஞாயிறு, எண்ணெயில் போட்டதும் சாண்ட்விச் வாயைப் பிளந்தது. சீஸ் ஒரு பக்கம், ஹாம் ஒரு பக்கம், கோழி அடியில். இரண்டாவது ஞாயிறு பிரிந்துபோகவில்லை, ஆனால் குடித்த எண்ணெயைப் பிழிந்தால் இன்னொன்று பொரிக்கலாம் போலிருந்தது.

வியாழக்கிழமை வேலையில் கஞ்சி போட்ட சட்டைகள் மேல் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றையும் இறுக்கிச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். அரை மணி அப்படி அடங்கிக் கிடந்தால்தான் ஈரம் சமமாகப் பரவும், துணியும் சொன்ன பேச்சு கேட்கும். நாலாவது சட்டையில் கை நின்றது. “அடக் கடவுளே,” என்றார் சட்டையிடம்.

மூன்றாவது ஞாயிறு ரொட்டியின் ஓரங்களை வெட்டி, விளிம்பைத் தையல் மாதிரி அழுத்தி, பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி, மேலே ஆறிப்போன இஸ்திரிப் பெட்டியைப் பாரம் வைத்து, எல்லாவற்றையும் அப்படியே ஃபிரிட்ஜில் ஏற்றினார். ஃபிரிட்ஜுக்குள் இஸ்திரிப் பெட்டி இருந்த ஒரே வீடு அதுவாகத்தான் இருக்கும். அரை மணி கழித்து எடுத்துத் தோய்த்து, மிதமான சூட்டில் போட்டார். பிரியவில்லை, குடிக்கவில்லை. தேன் நிறத்தில் உப்பி எழுந்தது. சர்க்கரை தூவி, ஜாம் வைத்து, மெனு அட்டைப் படத்தைத் தோற்கடிக்கிற அழகில் மேஜையில் வைத்தார். ஒரு கடி கடித்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது இல்லை.

உப்பு குறைவா? கடுகு விழுது வேறு மாதிரியா? மென்றுகொண்டே தட்டைப் பார்த்தவருக்கு அப்போதுதான் உறைத்தது. இதற்கு நாலு மூலை இருக்கிறது! அவர் தின்றதற்கு மூலையே கிடையாது. இரண்டு வருடமாக அவர் தின்றது சாண்ட்விச் அல்ல, ஐந்து மாடி உருண்ட சாண்ட்விச். சர்க்கரை உள்ளே போயிருக்கும், ஜாம் சீஸோடு கலந்திருக்கும், எல்லாம் நசுங்கி விரலால் வழித்துத் தின்கிற பதத்தில் வந்து சேரும்.

இரண்டாவதைப் பொரித்து, ஜாமை உள்ளேயே தடவி, நாப்கினில் கட்டினார். மூன்றாம் மாடியிலிருந்து போட்டால் காணாது. மொட்டைமாடி இருப்பது சரியாக ஐந்தாவது. ஏறி, கம்பியைப் பிடித்துக் குனிந்து, படிக்கட்டின் நடு இடைவெளியில் கையை நீட்டி விட்டார். தொப். முழங்கால் வலியை மறந்து ஐந்து மாடியும் இறங்கி ஓடி, மீட்டர் பெட்டிகளுக்கு அருகே நின்றபடியே பிரித்துத் தின்றார்.

அதேதான். அந்தத் தகரக் குழாய், நீராவி, வயது இருபத்தொன்பது. கடைசி வாயை விழுங்கியதும் பழக்க தோஷத்தில் தலையைத் தூக்கி மேலே பார்த்தார், இரண்டு தட்டு கேட்குமென்று. கேட்கவில்லை. ஐந்து மாடியும் சும்மா இருந்தது. கதவிடுக்கில் தையல்காரம்மாவின் முகம்தான் தெரிந்தது.

“என்ன சார் அது? மேலேருந்து யாரு போட்டது?”

நானே என்று சொல்ல வெட்கமாக இருந்தது. “ஒருத்தங்க,” என்று சொல்லிவிட்டு சர்க்கரை மீசையோடு மேலே ஏறிப் போனார். அந்த ‘ஒருத்தங்க’தான் பால்கடைக்குப் போய்ச் சேரும்போது ஸ்கூட்டர் வாங்கியிருந்தாள். அடுத்தடுத்து நாலு ஞாயிறு அவர் போட்டார், இறங்கினார், தின்றார், மேலே பார்த்தார்.

அதற்கடுத்த ஞாயிறு போன் ஏழு மணிக்கு வரவில்லை. மூன்றரைக்கே வந்துவிட்டது.

“யாருங்க அவ?”

“எவ?”

“பச்சை ஸ்கூட்டர்.”

“அது மீட்டர்காரரு.”

“மீசையில பவுடராம்?”

“சர்க்கரை.”

எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் வருடக்கணக்காக நின்ற மூளை அந்தப் பக்கம் வேலை செய்தது.

“பொடிச்ச சர்க்கரையா?”

“ம்.”

“மேலேருந்து மூட்டை விழுந்துச்சாமே, எத்தனாவது மாடி?”

“அஞ்சு.”

அந்த அம்மாள் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. “ஜாம் உள்ளயா, தனியாவா?” என்று மட்டும் கேட்டார்.

“உள்ள.”

“அதான் சரி. தனியா வச்சா தெறிச்சுப் போயிடும்.”

“அந்தக் கடைசிப் பொட்டலம் மட்டும் வந்திருந்தா...” என்று வழக்கமான வழக்கை ஆரம்பித்தார் மடிப்பு, வேறென்ன பேசுவது என்று தெரியாமல்.

“அது மாட்டிக்கலீங்க.”

“என்ன?”

“நான் போடவே இல்ல. ரெண்டு வருஷமா உங்களுக்குப் போட்டுக்கிட்டே இருந்தேனே, ஒருநாளாவது ஒண்ணு முழுசா நான் தின்னுருக்கேனா? ஓரத்துல பிச்சு உப்பு பார்க்கறதோட சரி. நாளைலேருந்து வேலை இல்ல, இனிமே இதை யாரு எனக்குப் பொரிச்சுக் குடுப்பான்னு தோணுச்சு. அரிசி மூட்டை மேல உக்காந்து முழுசையும் தின்னுட்டேன். நீங்க கீழே ஹேங்கரால தட்டித் தட்டிக் கேட்டீங்க. வாய் நிறைய இருந்துச்சு, என்ன பண்றது?”

இருபத்தேழு வருட வழக்கில் அவர் ஜெயித்துவிட்டார். ஜெயித்த மாதிரி இல்லை. அரிசி மூட்டை மேல் தனியாக உட்கார்ந்து மெல்லுகிற அந்தப் பெண்ணை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

“அப்ப பாக்கி உண்மைதான்,” என்றார்.

“உண்மைதான். இல்லைன்னு சொல்லல.”

“எப்ப தருவே?”

“இதைக் கேக்க ஒம்போது மாசமா உங்களுக்கு?” என்று அந்த அம்மாள் சொல்லி முடிப்பதற்குள் குழந்தை வீறிட்டு அழுதது. “இருங்க, எழுந்துட்டான். நகர ஆரம்பிச்சுட்டான்ல, கட்டில் ஓரத்துக்கு வந்துட்டான். வச்சிடறேன்.” வைத்தும்விட்டார்.

ஏழு மணிக்குப் போன் வரவில்லை, அன்றைய கோட்டா முடிந்துவிட்டது. மடிப்பு நாப்கினைத் துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்து அலமாரியில் வைத்தார். மறுநாள் காலை வேலைக்கு இறங்கும்போது தையல்காரம்மா வாசலிலேயே நின்றிருந்தார். தான் மூட்டிய தீ எவ்வளவு தூரம் பரவியது என்று பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

“வீட்ல பேசினாங்களா சார்?”

“பேசினாங்க.”

“கோவமா?”

“இல்ல. ஒரு சாண்ட்விச் பாக்கி இருக்குன்னு ஒத்துக்கிட்டாங்க.”

“அப்ப வர்றாங்களா?”

“பாக்கிய ஒத்துக்கிட்டாங்கம்மா,” என்றார் மடிப்பு, சட்டைக் காலரைத் தடவிக்கொண்டே. “தேதி சொல்லல.”