கடலைக் கணக்கில் சேர்க்காத அத்தான்

அத்தானின் கைபேசித் திரையில் வளைந்து கிடந்த அந்தக் கோட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு நீலமாய் ஒரு வில். அதன் முதுகில் தூரம், அடியில் பயண நேரம், ஒரு மணித்தியாலமும் சொச்சமும். அக்காவின் கணவரான அவர், நெடுந்தீவில் மகளின் கலியாணப் பந்தலுக்குக் கீழே நின்று, வந்தவர் எல்லோருக்கும் அதை நீட்டிக்கொண்டிருந்தார். "சோறு வடிக்கிறதுக்கு முதல் பெடியன் இஞ்ச நிப்பான்."

பெடியன் என்றது சென்னையில் படிக்கும் அவருடைய மகனை. பரீட்சை முடிந்து, கலியாணத்தன்று காலைதான் அவனால் விமானம் ஏற முடியும். எங்கள் வழக்கத்தில் பெண்ணின் சகோதரனே மாப்பிள்ளைத் தோழன். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, அவர் கையால் மோதிரம் போட்டுக்கொண்டு, அவரை மணவறைக்குக் கூட்டிப் போகிறவன். "தம்பி வராட்டி நான் மணவறைக்கு வரமாட்டன்" என்று மணப்பெண்ணான என் மருமகள் முந்தின நாளே சொல்லிவிட்டாள்.

ஆவணி மாதம். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று பந்தல் துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. "பலாலியில இறங்கினாக் காணுமே அத்தான்? அங்கால கடல் கிடக்கு" என்றேன். "கடலெல்லாம் ஒரு தூரமே மச்சான்?" என்று சிரித்தார். வெளியூர்க்காரன் என்றால் முதலில் படகைத்தான் விசாரித்திருப்பான். பள்ளிக்கும் பிரசவத்துக்கும் அதைக் கடந்தே போய்வந்த எங்களுக்கு அது முற்றம். முற்றத்தை யார் அளக்கிறார்கள்?

கலியாணத்தன்று முதற் படகில் குறிகட்டுவான் கரைக்கு வந்து, வாடகை வாகனத்தில் பலாலிக்குப் போய் அத்தானின் மகனான என் மருமகனை ஏற்றினேன். அல்லைப்பிட்டி, மடத்துவெளி எல்லாம் பறந்து கடந்து திரும்பவும் குறிகட்டுவானுக்கு வந்தால், இறங்குதுறையில் படகுகள் ஒன்றையொன்று இடித்தபடி கட்டிக் கிடந்தன. "காத்து விழட்டும். இப்ப ஏலாது" என்றார் படகோட்டி. கலியாணம் என்று கெஞ்சினேன். "அதைச் செத்தவீடாக்கவோ அண்ணை?"

தொலைபேசியில் அத்தான். "பிளேன் வந்திட்டுதெண்டு போட்டுக் கிடக்கு. நீர் எங்க அவனை வச்சுக்கொண்டு நிக்கிறீர்?"

"காத்து, அத்தான்!"

"காத்தைப் பற்றி இதில ஒண்டும் போடேல்லையே."

தொலைபேசியைக் கடலுக்குள் வீசியிருப்பேன். அதற்குள் அந்தப் பக்கம் மருமகள் தகப்பனின் கைபேசியைப் பறித்துவிட்டாள்; நான் என்னுடையதை ஒலிபெருக்கியில் போட்டு அவள் தம்பியிடம் நீட்டினேன்.

"எங்கயடா நிக்கிறாய்?"

"குறிகட்டுவானில, அக்கா."

அவள் பக்கம் மேளம் கேட்டது. முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "சித்தப்பான்ர மகன் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகட்டும். ஆனா காலைக் கழுவ விடமாட்டன். மோதிரமும் உனக்குத்தான்."

மறுநாள் காலை காற்று விழுந்தது. நெடுந்தீவு இறங்குதுறையில் மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு காத்து நின்றார், பக்கத்தில் மருமகள். பயணப்பையை இறக்காமலே மருமகன் குனிந்தான். இரண்டு கையாலும் கடலை அள்ளி அவர் காலில் ஊற்றினான். மோதிரம் விரலில் ஏறியபோது என் அக்கா அழுதாள். அத்தான் சால்வையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு என் காதருகே வந்தார். மன்னிப்பு ஏதும் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"எண்டாலும் மச்சான், பிளேன் சொன்ன நேரத்துக்குத்தான் வந்தது."