ஒரே ஜன்னல்

ஊர் எழுந்து வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு அவள் படுக்கப் போவாள். அதனால் தெருவில் அவளுக்கு ஆந்தை என்று பெயர். ஓட்டல் சலவைக்கூடத்தில் இரவு வேலை. விருந்தினர்களின் கோட்டு, சட்டைகளை விடிவதற்குள் இஸ்திரி போட்டு அடுக்க வேண்டும். ஆந்தைக்காவது பகலில் ஒரு பொந்து உண்டு. இவளுக்கு வாய்த்தது ஒரே அறை, அதற்கு ஒரே ஜன்னல். அந்த ஜன்னலடியில் மேஜை போட்டு அவள் புருஷன் செல்போன் ரிப்பேர் செய்தான்.

"ஜன்னலை மூடிட்டா ஸ்க்ரூ எங்க, என் மூக்கு எங்கன்னே தெரியாது" என்பான்.

கெட்டவன் இல்லை, அதுதான் தொல்லை. "இன்னொரு தடவை வேலையில கண்ணசந்தா வேற இடம் பாத்துக்கோம்மா" என்று மேற்பார்வையாளர் அவளிடம் சொல்லிவிட்டார் என்றதும், பதறிப்போய், தூக்கம் வர மெலடோனின் மாத்திரை வாங்கி வந்தவனே அவன்தான்.

அவளும் கெட்டிக்காரத்தனமாக அதைத் திரும்பி வரும் பஸ்ஸிலேயே விழுங்கினாள். வீடு போய்ச் சேருவதற்குள் வேலை செய்யட்டுமே என்று. சுள்ளென்ற வெயிலில் நடந்து வந்து, சமைத்து, துவைத்துப் படுத்தால், வெளிச்சம் முகத்தில் அறையும். பொட்டுத் தூக்கம் வராது.

மருந்துக்கடைக்காரர் இதைக் கேட்டுச் சிரித்தார். "இது மயக்க மருந்து இல்லம்மா. ராத்திரி ஆயிடுச்சுன்னு உடம்புக்குச் சேதி சொல்லும், அவ்வளவுதான். கண்ணுல வெயில் பட்டா உடம்பு எதை நம்பும்? வீட்டுக்குப் போய் வேலையெல்லாம் முடிச்சுட்டுப் போடுங்க. இருட்டுல படுங்க."

இருட்டுக்கு எங்கே போவாள்? ஜன்னலில் போர்வையை மாட்டிப் பார்த்தாள். கண்ணை மூடுவதற்குள் அவன் உருவிவிட்டான். "ஒண்ணுக்குக் கேக்கலைன்னா ரெண்டு போடேன்" என்றான், பெரிய வைத்தியன் மாதிரி.

ரெண்டு போட்டாள். பிறகு மூன்று. பகலெல்லாம் போக்குக் காட்டிய பாவித் தூக்கம், வேலைக்குக் கிளம்பும்போது வந்து கழுத்தில் உட்கார்ந்தது. கடைசியில் ஒருநாள், இஸ்திரிப் பெட்டியை யாரோ ஒருவரின் கோட்டின் மேல் வைத்தபடியே சொக்கிப்போனாள். தீய்ந்த வாடைதான் எழுப்பியது. மேற்பார்வையாளர் கத்தக்கூட இல்லை. கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்.

"மாத்திரை வாங்கிக் குடுத்தும் உனக்கு ஒழுங்கா தூங்கத் தெரியலையே" என்றான் புருஷன். என்ன சொல்லி என்ன, செவிடன் காதில் ஊதிய சங்கு.

இப்போது ஊரோடு படுத்து ஊரோடு எழுகிறாள். மாத்திரை இல்லாமலே அடித்துப் போட்டாற்போல் தூக்கம். வேலைதான் இல்லை.

அவளுடைய கடைசிச் சம்பளத்தில் அவன் மேஜையில் மாட்டும் விளக்கு ஒன்று வாங்கினான். போட்டதும் மேஜைமேல் மட்டும் பளிச்சென்று வெளிச்சம் விழுந்தது.

"இதை எப்பவோ வாங்கியிருக்கணும்" என்றான் சந்தோஷமாக. "அந்த ஜன்னலை மூடு, கண்ணு கூசுது."

அவள் எழுந்து போய் மூடினாள். பட்டப்பகலில், அவள் படுக்கிற மூலை கும்மிருட்டாக இருந்தது.