அப்புறம் அப்பா வந்தார்

செம்பவாங் கடற்படைத் தளத்தை மூடிவிட்டு வெள்ளைக்காரர்கள் கிளம்பப்போகிறார்கள் என்று வானொலி சொன்னது. அங்கே கப்பல்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த என் அப்பா, சோற்றைப் பிசைந்தபடியே, "அப்ப நம்மளும் கிளம்ப வேண்டியதுதான்" என்றார். அம்மா ரசத்தை ஊற்றினாள். ஏழு வயதுத் தங்கை மட்டும் எங்கே என்று கேட்டாள். ஊருக்கு என்றார் அப்பா. எந்த ஊர் என்று திரும்பவும் கேட்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரே ஊர் செம்பவாங்.

நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். காலையில் தேக்கா பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துவேன், மாலையில் பயிற்சி வகுப்பு. தங்குவதற்கு ஜாலான் புசாரில் ஓர் இரும்புக்கடை மாடியில் நண்பனோடு ஓர் அறை. சனி ஞாயிறு மட்டும்தான் வீட்டில். நாட்டுக்கு இன்னும் மூன்று வயதுகூட நிறையவில்லை. அதைக் கட்டுகிறவர்களில் நானும் ஒருவன் என்ற நினைப்பு எனக்கு. பேருந்தில் நின்றபடியே பாடக்குறிப்பு எழுதுவேன், எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் தேசிய மொழியைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

நானும் தங்கையும் இங்கே பிறந்தவர்கள். அப்பாவிடம் இருந்தது நீல அட்டை, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. மனுப் போடுங்கள் என்று நான் சொன்னபோதெல்லாம் பார்க்கலாம் என்றே சொல்லி வருஷங்களை ஓட்டிவிட்டார். தங்கை இந்த நாட்டுப் பிரஜைதான். ஆனால் ஏழு வயதுக்காரி எங்கே இருப்பாள் என்பதை அட்டையா முடிவு செய்யும்? அம்மா இருக்கும் இடத்தில்தான் இருப்பாள். அம்மாவோ அப்பா இருக்கும் இடத்தில். ஆக, அவள் போகக் கூடாது என்றால் அப்பா போகக் கூடாது. எனக்கும் அவளுக்கும் நடுவே பிறந்த இரண்டும் தங்கவில்லை. எனக்கென்று இருந்த உடன்பிறப்பு அவள் ஒருத்திதான்.

அந்த வருஷம் முழுக்க வேறெதையும் நான் உருப்படியாக நினைக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவோடு வாதம் செய்தேன். தளத்தை நம் அரசாங்கமே எடுத்து நடத்தப்போகிறது, ஆட்கள் தேவைப்படுவார்கள், தொழில் தெரிந்தவர்களை விடமாட்டார்கள் என்று செய்தித்தாளைப் பிரித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாத்தியாரே, மிச்சத்தை வகுப்புல போயி நடத்துங்க" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்போதுதான் தங்கையின் பள்ளியில் தேசிய தின விழாவுக்கு அவளைப் பேசச் சொன்னார்கள். நாடு எப்படி உருவானது என்பது தலைப்பு. குரல் கணீரென்று இருந்ததால் தேர்ந்தெடுத்தார்கள். எனக்குச் சட்டென்று ஒரு யோசனை. என் பேச்சு அப்பாவிடம் எடுபடவில்லை, அவள் பேசினால் எடுபடும். மேடையில் நின்று இது என் நாடு என்று மகள் சொல்லக் கேட்ட பிறகு எந்த மனிதன் கப்பலேறுவான்?

உனக்கு என்ன தெரியும், முதலில் அதைச் சொல் என்றேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

"முதல்ல இங்க யாரும் இல்ல. ஒரு ராஜா வந்து சிங்கத்தைப் பாத்தாரு. அது புலியா இருக்கும்னு டீச்சர் சொன்னாங்க. அப்புறம் வெள்ளைக்காரன் கப்பல்ல வந்தான். அப்புறம் ஜப்பான்காரன் சைக்கிள்ல வந்தான். அப்புறம் அப்பா வந்தாரு. அப்புறம் மலேசியா வந்துச்சு, அப்புறம் போயிருச்சு. அப்புறம் நான் ஸ்கூல்ல சேந்தேன்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்த அப்பா, "நான் எதுல வந்தேன்?" என்று கேட்டார்.

"கப்பல்லதான்."

"வெள்ளைக்காரன் வந்த அதே கப்பலா?"

"இல்லப்பா. அவன் கப்பல்ல யாரும் வாந்தி எடுக்கல."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்ததை நான் அன்றுதான் கேட்டேன். வழி இருக்கிறது என்று அப்போது உறுதியாக நம்பினேன்.

அடுத்த சனிக்கிழமை அவளை நகரத்துக்கு அழைத்துப் போனேன். தேக்காவில் மீ கோரிங் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். உறைப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டாள். பிறகு ஆற்றங்கரைக்குப் போய், இந்தத் துறைமுகத்தைத் தொடங்கியவர் என்று பாடப்புத்தகம் சொல்கிற வெள்ளைக்காரரின் சிலை முன்னால் அவளை நிறுத்தினேன். மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிற கறுத்த சிலை. ஆற்றிலிருந்து சேற்று நாற்றமும் மூட்டை இறக்குகிறவர்களின் சத்தமும் வந்தன. எந்த ஆண்டு, எந்தக் கப்பல், எந்த ஒப்பந்தம் என்று நான் மளமளவென்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவரு எப்பண்ணே போறாரு?"

"இவர் எங்க போவாரு, சிலை."

"எல்லாரும் போறாங்க, இவரை மட்டும் விட்டுட்டா போறாங்க?"

"ஆமா."

"அப்ப இவருக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வேணும்ல? அப்பா அடிப்பாருல்ல?"

நான் சரித்திரத்தை நிறுத்திவிட்டு, சர்பத் ஊற்றிய ஐஸ்பால் வாங்கிக் கொடுத்தேன். இவளுக்கு ஒன்றும் புரியவில்லை, விளையாட்டாகத் திரிகிறாள் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தோம். சிவப்புச் சாறு முழங்கை வரை வழிய, பேருந்து நிறுத்தம் வரைக்கும் அவள் சிலை இருந்த பக்கமே பார்த்தபடி நடந்தாள்.

நான் எழுதிக் கொடுத்த உரையில் அப்பா வந்தாரு என்ற வரியை வேண்டுமென்றே வைத்திருந்தேன். ரப்பர்த் தோட்டம், சாலை, கப்பல்பட்டறை என்று சேர்த்து, வந்தவர்களெல்லாம் உழைத்தார்கள் என்று கொஞ்சம் நீட்டியும் இருந்தேன். வகுப்பு ஆசிரியை படித்துப் பார்த்துவிட்டு அந்தப் பகுதியை அடித்துவிட்டார். கெட்ட மனுஷி இல்லை. விருந்தினர் வருகிறார், நேரம் குறைவு, வீட்டுக் கதை பாடத்தில் இல்லையே சார் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். வாதாடிப் பார்த்தேன். பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தருவதும் இதுதான் என்பதால் என் வாதம் வெகுதூரம் போகவில்லை. தங்கை புதிய உரையை ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிட்டாள்.

விழாவுக்கு அப்பா வெள்ளைச் சட்டையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தங்கை ஓரிடத்திலும் தடுமாறவில்லை. ராஜா, துறைமுகம், போர், சுயாட்சி, சுதந்திரம் என்று வரிசையாக வந்தன. எல்லாரும் கைதட்டி ஓய்ந்த பிறகும் அப்பா தட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி நடக்கும்போது, "நல்லா பேசுச்சு புள்ள" என்றார். அம்மாவும் அவளும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரம் கழித்து, "ஆனா என்னைக் காணோம், பாத்தியா?" என்றார்.

ஆசிரியை எடுத்துவிட்டார் என்று அவசரமாகச் சொன்னேன்.

"டீச்சர் சரியாத்தான் செஞ்சிருக்காங்க. நான் பெயிண்ட் அடிக்க வந்தவன் லா. அடிச்சு முடிச்சாச்சு."

அப்படியெல்லாம் இல்லை என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்கு அம்பது தாண்டிருச்சு. இன்னொரு முதலாளி முன்னால போயி வேலை கேட்டு நிக்க என்னால ஆகாது. இந்த நாடு சின்னப் புள்ள, உன்னைய மாதிரி. நீ ஓடு. என்னைய ஓடச் சொல்லாத."

அதில் கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

தங்கையையாவது என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். "இரும்புக்கடை மாடியிலயா?" என்றார். பிறகு, அவளையே கேள் என்று சொல்லிவிட்டார். மறுநாள் கேட்டேன். அம்மா எங்கே இருப்பாங்க என்றாள். அப்பாவோடு என்றேன். அப்ப நானும் போறேண்ணே என்று சொல்லிவிட்டு, நான் முகம் வாடி நிற்பதைப் பார்த்துத் தன் வண்ணப் பென்சில்களை எனக்குக் கொடுத்தாள்.

வருஷ முடிவில் கிளம்பினார்கள். தஞ்சோங் பகார் துறைமுகக் கொட்டகையில் எங்களைப்போல் பல குடும்பங்கள். தகரப்பெட்டிகளின் மேல் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. யாரும் சத்தமாக அழவில்லை. தங்கை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்க முதல்ல யாருண்ணே வந்தா?"

"அங்க யாரும் வரல. எல்லாரும் எப்பவுமே அங்கயே இருக்கிறவங்க."

அவள் முகம் மாறியது. "அப்ப நாங்க மட்டுந்தான் வர்றவங்களா?"

வரிசை நகர்ந்தது. அப்பா பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். பதிலுக்காக அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வழியனுப்ப வந்தவர்கள் கயிற்றைத் தாண்டக் கூடாது என்று காவலர் எங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார்.