ஒருவர் மட்டும் கேட்கலாம்

தம்பியும் நானும் ஒரே கணக்கில்தான் பாட்டுக் கேட்டுவந்தோம். ஃபோனில் இருந்த அந்தப் பாட்டுச் செயலிக்கு மாதாமாதம் பணம் கட்டியது அவன். நான் கல்யாணமாகிக் கம்பம்மெட்டுக்கு வந்தபோது, "எதுக்குக்கா நீ தனியா கட்டுற, என்னோடதயே போட்டுக்க" என்று பாஸ்வேர்டைச் சொன்னான். அதில் ஒரு கட்டுப்பாடு இருப்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே கேட்கலாம். இன்னொருவர் தொட்டால் முதலாமவரின் பாட்டு நின்றுவிடும். வேறொரு ஃபோனில் பாடிக்கொண்டிருக்கிறது என்று திரையில் வரும், அந்த ஃபோனின் பெயரோடு.

அவன் சின்னக்கானலில் சுற்றுலா ஜீப் ஓட்டினான். நான் ஏலக்காய்க் கடையில் பில் போடுகிறேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் காதில் பாட்டையும் மாட்டிக்கொள்வேன். பாதிப் பாட்டில் அவன் பிடுங்குவான். நான் திரும்பப் பிடுங்குவேன். கடைசியில் ஃபோன் வரும்.

"அக்கா, சவாரி ஏத்திருக்கேன். வண்டில பாட்டு இல்லேன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறாங்க. விட்டுக்குடு."

விட்டுக்கொடுப்பேன். பேசிக்கொள்ளாத நாட்களிலும் அவன் எழுந்துவிட்டான், வண்டியை எடுத்துவிட்டான் என்பது எனக்கு இப்படித்தான் தெரியவரும்.

ஒரு மழைக்காலத்தில் அவனுடைய ஜீப் பனிமூட்டத்தில் சாலையை விட்டுச் சரிந்தது. அவன் தனியாகத்தான் வந்துகொண்டிருந்தான். கண்ணாடி கீறியதைத் தவிர ஃபோனுக்கு ஒன்றும் ஆகவில்லை. போலீஸ்காரர் கொடுத்ததை அப்பா துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்ததை நான் பார்த்தேன்.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து, கடையில் முதல்முறையாக மறுபடியும் பாட்டைப் போட்டேன். பாதியில் நின்றது. எடுத்துப் பார்த்தால், வேறொரு ஃபோனில் பாடிக்கொண்டிருப்பதாக வந்திருந்தது. கீழே தம்பியுடைய ஃபோனின் பெயர்.

ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். அந்த பில்லைத் தப்பாக அடித்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "யாராவது திருட்டுத்தனமா உள்ள பூந்திருப்பான். பாஸ்வேர்ட மாத்திரு" என்றார். நான் மாற்றவில்லை. மாற்றினால் அந்தப் பெயர் இனி வரவே வராது.

அதன்பிறகு அடிக்கடி நடந்தது. எந்தப் பாட்டு ஓடுகிறது என்று என் திரையிலேயே தெரியும். எல்லாம் அவன் சேர்த்து வைத்திருந்த பாட்டுகள், அவன் வைத்திருந்த வரிசையில். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு நானும் தொட்டேன். அங்கே நின்று இங்கே பாடியது. தம்பியாக இருந்தால் உடனே பிடுங்கியிருப்பான். இது பிடுங்கவில்லை. வெகுநேரம் சும்மா இருந்தது. பிறகு மெதுவாக வாங்கிக்கொண்டது. அந்த இடைவெளிதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. யாரோ எதையோ முடித்துவிட்டு வருவது போல இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிச் சின்னக்கானலுக்குப் போனேன். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் கடைசி வீடு எங்களுடையது. குழாயடியைத் தாண்டும்போதே பாட்டு கேட்டது. பின்வாசலில் விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். தேயிலை ஃபேக்டரி இரைச்சலில் வேலை பார்த்துப் பார்த்து அவருக்குக் காது மந்தம். தம்பியின் ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். வண்டியில் அவன் சத்தமாகப் பாட்டு வைத்தால் திட்டிய மனிதர்.

நான் கூப்பிடவில்லை. என் ஃபோனை எடுத்து ஒரு பாட்டைத் தொட்டேன்.

அவர் கையில் பாட்டு நின்றது. அப்பா பதறவில்லை. ஃபோனை மடியில் வைத்து, சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடினார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. முடித்து மறுபடி சிலுவை போட்டுக்கொண்டு ஃபோனைத் தொட்டார். என் கையில் இருந்தது நின்றது.

"அப்பா" என்றேன்.

"வா தாயி. எப்ப வந்த?"

"இது எப்பருந்து கேக்குறீங்க?"

"அடக்கத்துக்கு மறுநா பெட்டிக்குள்ள மணி அடிச்சுச்சு. எடுக்கத் தெரியாம எதையோ தொட்டேன், பாட்டு வந்திருச்சு. நம்பர் கட்டாயிரக் கூடாதுன்னு ரீசார்ஜ் பண்ணி வச்சிருக்கேன்." பிறகு, சொல்லலாமா என்று யோசிப்பவர்போல என்னைப் பார்த்தார். "பாதியில நிப்பாட்டுறான்மா. மோட்சத்துக்குப் போக முடியாம உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்து செபம் கேக்குறான்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் சொன்னேன். ஒரு கணக்கு, ஒருவர்தான் கேட்கலாம், நான் தொட்டால் உங்களுக்கு நிற்கும் என்று. என் ஃபோனைத் தொட்டும் காட்டினேன். இரண்டு ஃபோன்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நீதானா" என்றார். கோபமோ ஏமாற்றமோ எதுவும் தெரியவில்லை. உள்ளே போய் எனக்குப் பால் ஊற்றாத கட்டஞ்சாயா போட்டு எடுத்துவந்தார்.

தம்பியின் பாங்குக் கணக்கை முடித்த பிறகு பாட்டும் நின்றுபோனது. பணம் அதிலிருந்துதான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பாட்டுகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. தொட்டால் பூட்டுப் படம் வந்தது. அப்பா பூப்பாறையில் ஒரு மொபைல் கடைக்கு என்னை அழைத்துப் போனார். வேறு எதிலாவது ஏற்றித் தர முடியுமா என்று கேட்டார்.

கடைக்காரர் பார்த்துவிட்டு, "பாட்டெல்லாம் ஃபோனுக்குள்ளதான் இருக்கு. ஆனா பூட்டி வச்சிருக்காங்க. வெளிய எடுத்தா பாடாது" என்றார்.

"அவன் எறக்கி வச்ச பாட்டுப்பா."

"எறக்கி வச்சா நம்மளுதுன்னு இல்ல சேட்டா. காசு கட்டுற வரைக்கும்தான்."

வெளியே வந்து என் பணத்தில் கட்டினேன். பாட்டுகள் திரும்பி வந்தன. எனக்கென்று வேறு கணக்கு எடுத்துக்கொள்கிறேன், இனி உங்களுக்குத் தொந்தரவு இருக்காது என்றேன்.

அப்பா பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார். "வேணாம்மா. நீ எப்பயும்போலக் கேளு. நீ நிப்பாட்டுனா என்ன, அந்த நேரம் நான் அவனுக்காகச் சொல்லிக்கிடுறேன்."

அப்படியே வைத்துக்கொண்டோம். கடையில் பாட்டைத் தொடும்போதெல்லாம் அங்கே ஒரு செபம் தொடங்குவது எனக்குத் தெரியும். பாட்டுக் காதில் ஏறாது. அவர் முடிக்கட்டும் என்று காத்திருப்பேன்.

சென்ற மாதம் ஒரு மத்தியானம், கடையில் சரக்கு வந்து குவிந்திருந்தது. காலையிலிருந்து ஃபோனை நான் தொடவேயில்லை. அது மேசை இழுப்பறையில் கிடந்தது. அப்பா கூப்பிட்டார்.

"இப்ப நிப்பாட்டுனது நீதானம்மா?"

அவர் விரலே தெரியாமல் பட்டிருக்கலாம். கண்ணாடி கீறிய ஃபோன் அது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பக்கம் அவர் மூச்சு கேட்டது.

"ஆமாப்பா, நான்தான்" என்றேன்.

"சரி தாயி" என்றார். அழைப்பைத் துண்டிக்க அவருக்குத் தெரியாது. அவர் செபத்தைத் தொடங்குவது எனக்குக் கேட்டது. எதிரில் மூட்டை இறக்கியவர்கள் பில்லுக்காக நின்றிருந்தார்கள். ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல், நானும் கூடவே சொன்னேன்.