வலது கால் செருப்பு

அந்த பஸ் டிரைவருக்கு டிப்போவில் பட்டப்பெயர் பம்பரம். சுறுசுறுப்பைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. மனுஷனுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. பெஞ்சில் உட்காருவார், உடனே எழுவார். சுவரில் சாய்வார், ஒற்றைக் காலில் நிற்பார், வண்டிகளைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு மறுபடி அதே பெஞ்சுக்கு வருவார். முதுகெலும்பில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தியதில், இடுப்பில் கிளம்பும் வலி தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை தீயாய் இறங்கும். பெயர் வைத்தவர்களுக்கு என்ன, வாய் வலிக்காமல் சிரித்தார்கள்.

வீட்டிலும் அதே கூத்துதான். கட்டிலில் படுத்தால் புரள முடியாது, தரையில் படுத்தால் எழ முடியாது. சாப்பாடும் நடந்துகொண்டேதான்.

"ஏங்க, தட்டோட ஊர்வலம் போறீங்களே, செத்த உட்காரக் கூடாதா?" என்பாள் மனைவி.

"உட்கார்ந்தா நீ வந்து தூக்கி விடுவியா?" என்று எரிந்து விழுவார். அப்புறம் மனசு கேட்காமல் அவரே எல்லாப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்து வைப்பார்.

டாக்டர் மாத்திரையும் பயிற்சியும் எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்றை அழுத்திச் சொல்லியிருந்தார். "கால் மரத்துப் போனாலோ, பாதத்தைத் தூக்க முடியலைன்னாலோ உடனே வரணும். அன்னியிலேர்ந்து வண்டியைத் தொடவே கூடாது." இவர் தலையை மட்டும் பலமாக ஆட்டினார். வண்டியை விட்டால் டிப்போ ஆபீஸில் ஒரு நாற்காலி கொடுப்பார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவருக்குக் குலை நடுங்கியது. ஸ்டியரிங் பிடிக்கும்போதும் வலிக்கத்தான் செய்யும்; ஆனால் சாலை கவனத்தைப் பிடுங்கிக்கொள்வதால் வலி கொஞ்சம் தள்ளி நிற்கும்.

ஓட்டுவதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சீட்டில் ஏறியதும் செருப்பு இரண்டையும் உதறி அடியில் தள்ளிவிடுவார். வெறுங்கால்தான் பிரேக்கைத் தொட வேண்டும். "நடுவுல ரப்பர் இருந்தா வண்டி என்ன சொல்லுதுன்னு எப்படிடா தெரியும்?" என்று புது டிரைவர்களிடம் பீற்றிக்கொள்வார்.

இப்படி இருக்கையில் வலி போய்விட்டது. மாயம் போல ஒரு காலையில் காணாமல் போனது. அன்றைக்கு உட்கார்ந்த இடத்திலேயே தட்டைக் காலி செய்தார். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாங்க."

"வலி இல்லைன்னு சொல்லவா டாக்டர்கிட்ட போவாங்க?"

வாசற்படியில் வலது பாதம் இரண்டொரு தரம் இடறியது. புதுச் செருப்பு, வார் இறுக்கம் என்று அதன் தலையில் பழியைப் போட்டார். உள்ளுக்குள் ஒன்று உறுத்தத்தான் செய்தது. அதை வாயைத் திறக்க விடவில்லை, அவ்வளவுதான்.

அன்றும் வழக்கம்போல வண்டி கடைசி நிறுத்தமான மார்க்கெட்டுக்கு வந்து சேர்ந்தது. டீ குடிக்க இறங்குவதற்காகச் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். இடது செருப்பு கிடைத்தது. வலதைக் காணோம்.

"எவன்டா என் செருப்பை எடுத்தது? அதுவும் ஒத்தைச் செருப்பை!"

கண்டக்டர் குனிந்து தேடினார். முன்சீட்டுக்காரர்கள் காலைத் தூக்கிக்கொண்டு தேடினார்கள். இவர் எல்லாரையும் ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கப் போன காய்கறிக்காரம்மாதான் சொன்னாள்.

"ஏப்பா டிரைவரு, அது உன் கால்லதானே இருக்கு!"

வண்டியே சிரித்தது. கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். டிரைவரும் சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. இடது கால் வெறுங்கால். வலது காலில் செருப்பு வாரோடு இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. ஏறும்போது உதறினோமே, கழன்றது என்றுதானே நினைத்தோம்? பள்ளிக்கூட வளைவில் ஒரு பெண் குழந்தையோடு குறுக்கே வந்தாளே, அப்போது எதை நம்பி மிதித்தோம்?

கூட்டம் இறங்கியதும் செருப்பைக் கையால் கழற்றிப் போட்டார்.

"தம்பி, என் காலை மிதி."

"என்னண்ணே விளையாட்டு?"

"மிதிடா!"

கண்டக்டர் ஷூக் காலை வைத்தார்.

"இன்னும் அழுத்து."

"அழுத்தித்தாண்ணே மிதிக்கிறேன்." கண்டக்டரின் சிரிப்பு அதோடு நின்றுபோனது.

அதற்குள் திரும்பும் வண்டிக்கான கூட்டம் ஏறி இடம் பிடித்துக்கொண்டிருந்தது. யாரோ விசிலடித்தார்கள். டிரைவர் சாவியை உருவினார். "இந்த வண்டி போகாது. எல்லாரும் இறங்குங்க." திட்டினார்கள். திட்டட்டும் என்று சாவியைக் கண்டக்டர் கையில் வைத்து அழுத்தினார். "டிப்போவுக்குப் போன் போடு. வேற டிரைவரை அனுப்பச் சொல்லு. காரணம் கேட்டா உள்ளதைச் சொல்லு."

பிறகு வண்டிப் படியில் உட்கார்ந்து மனைவியைக் கூப்பிட்டார்.

"கிளம்பி வா. டாக்டர்கிட்ட போகணும்."

"ஐயோ, மறுபடி வலிக்குதாங்க?"

"இல்லை" என்றார். "வலிக்கலை. கொஞ்சம்கூட வலிக்கலைம்மா." போனை வைத்த பிறகும் அவர் அந்தப் படியை விட்டு எழவில்லை.