ஈசானிய மூலை அடுப்பு

சென்னையை விட்டு இந்த நாட்டுக்கு வந்தபின் கிளேட்டனில் வாடகைக்கு இருந்துகொண்டு, பக்கத்துப் புறநகரான கிளென் வேவர்லியில் ஒன்பது வீடு பார்த்தோம். ஒன்பதையும் என் கணவர் திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டே தட்டிக்கழித்தார். வடகிழக்கில், ஈசானிய மூலையில், அடுப்பு இருந்துவிட்டால் போதும், மனிதர் திரும்பி நடந்துவிடுவார். பத்தாவது ஒரு பழைய வீடு. இடித்துச் சீர்செய்ய நிறைய வேலை இருந்தது. ஆனால் மகளுக்கு வேண்டிய பள்ளி பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் எல்லைக்குள் இருந்தது. வரைபடத்தைப் பார்த்ததுமே, அங்கும் அடுப்பு அதே மூலையில்தான் என்று உதட்டைப் பிதுக்கினார். இதை விடுவதில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

அந்த வாரம் மகள் ஒரு வீடியோ கேம் கொண்டுவந்தாள். பாழடைந்த வீட்டை நேரம் முடிவதற்குள் மூன்று பேரும் சேர்ந்து புதுப்பிக்க வேண்டும். சுவரை இடிக்கலாம், பெயின்ட் அடிக்கலாம். கனமான சாமான் என்றால் இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். டிவியின் மேல்பக்கம்தான் வடக்கு என்று அவராகவே வைத்துக்கொண்டார். அப்புறம் எங்கே விளங்கும். அந்த வீட்டில் அடுப்பு போகவேண்டிய இடம் வலப்பக்க மேல்மூலை, அவர் கணக்கில் ஈசானியம். நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருக்கிறோம். நான் இழுக்கிறேன், அவர் அசையவில்லை.

"அப்பா, டைம் போகுது. இட்ஸ் ஜஸ்ட் எ கேம்."

"அங்க வேணாம்மா."

மூன்று முறை தோற்றோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் முணுமுணுத்தேன். நான்காவது முறை எனக்குப் பொறுக்கவில்லை.

சென்னையில் எங்கள் மூத்த குழந்தை எட்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. துக்கம் கேட்க வந்த ஒருத்தி, "ஈசானி மூலைல அடுப்பு வச்சா வீடு எப்படி விளங்கும்?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் அதைத் திருப்பிச் சொன்னதே இல்லை. திசைகாட்டி மட்டும் வாங்கினார். ஒவ்வொரு வீட்டிலும் அதை அவர் எடுக்கும்போது நான் வாசலுக்குப் போய்விடுவேன்.

"அந்த அடுப்புல சமைச்சது நான்தாங்க," என்றேன். "அடுப்பைச் சொன்னா என்னைச் சொன்ன மாதிரிதான். நான்தான் காரணமா? இப்பவே சொல்லிடுங்க."

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னிக்கு ராத்திரியே குழந்தைக்கு உடம்பு கொதிக்குதுன்னு நீ சொன்னே. காலைல பாத்துக்கலாம்னு சொன்னவன் நான்தானே," என்றார்.

இத்தனை வருடம் இதை வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், பாவி மனுஷன். அடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் பக்கம் நகர்ந்தது. இரண்டு பேருமாகக் கொண்டுபோய் அந்த மூலையில் வைத்தோம்.

சனிக்கிழமை அந்தப் பழைய வீட்டைப் பார்க்கப் போனோம். அவர் நேராகச் சமையலறைக்குள் போனார். கையில் திசைகாட்டி இல்லை, அளக்கிற டேப் இருந்தது.

"அந்தப் பக்கம் பிடி," என்றார்.