டிஸ்க்கில் இடம் காணாது

நேற்று மகளுக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "அப்பா, மங்கலாக் கிடக்கு. டொகியுமென்டா அனுப்புங்கோ, அப்பத்தான் ஒண்டும் குறையாது." பள்ளிக்கூடப் பிள்ளை எனக்குப் பாடம் எடுக்கிறாள். எனக்கு எப்போதோ ஏறிவிட்ட பாடம்.

மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு ஸ்டூடியோவில் சண்டைக் காலத்தில் நான்தான் கம்ப்யூட்டர்காரன். சூடேறிய பிளாஸ்டிக் மணமும் பக்கத்துக் கடைக் கருவாட்டு மணமும் என் சட்டையிலேயே வீடுவரை வரும். எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு வேறு. முதலாளி எடுத்த படங்களை ஒன்றும் குறையாமல் பெரிய கோப்புகளாகவே சேர்த்து வைத்திருந்தார். ஒருநாள் டிஸ்க் நிரம்பிவிட்டது.

"இடம் காணாது தம்பி. என்ன செய்வம்?"

"சுருக்கிவிடுறன் அண்ணை. ஆருக்கும் வித்தியாசம் தெரியாது."

சுருக்குவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, சேலையை மடித்து வைப்பது மாதிரி. விரித்தால் முழுச் சேலையும் இருக்கும். மற்றது, கத்தரித்து எறிந்துவிட்டு மிச்சத்தை வைப்பது. நான் கத்தரித்தேன், அதுவும் ஆகக் குறைந்த தரத்தில். பிறகு மூலப் படங்களை அழித்தேன். முதலாளி மெச்சி, தேத்தண்ணீரும் றோலும் வாங்கித் தந்தார்.

சண்டை முடிந்தபின் வங்காலையிலிருந்து ஓர் அக்கா வந்தார். கணவரைக் காணவில்லை. இடம்பெயர்ந்ததில் வீட்டுப் படங்களும் போய்விட்டன. நாங்கள் எடுத்த ஒரு கலியாணப் படத்தில் கணவர் கடைசி வரிசையில் நின்றாராம். தேடிப் போகும் இடங்களில் காட்ட அந்த முகத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னார்.

பெரிதாக்கினேன். முகம் இருந்த இடத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள்.

"கொஞ்சம் தெளிவாக்கேலாதோ தம்பி?"

"படம் பழசு அக்கா," என்று பொய் சொன்னேன். அவர் நம்பினார். அதையே அச்சிட்டு வாங்கிக்கொண்டு, எத்தனையோ அரசாங்கக் கந்தோர் வாசல்களில் பிடித்தபடி நின்றார். நான் அவர் நிற்கும் தெருக்களைத் தவிர்த்து, சுற்றுப் பாதையால் வீடு போவேன்.

ஸ்டூடியோ இப்போது போன் கடை. அக்காவும் போன வருடம் காலமானார். செத்த வீட்டுக்குப் போயிருந்தேன். தகப்பன் காணாமல்போனபோது கைக்குழந்தையாக இருந்த மகள் அந்தப் படத்தை என்னிடம் நீட்டினாள்.

"அப்பான்ர நெத்தியில ஒரு மச்சம் இருந்ததெண்டு அம்மா சொல்லுவா. எந்தப் பக்கமெண்டு கேக்காம விட்டிட்டன். நீங்கள் ஸ்டூடியோவில இருந்த முதல் படத்தைப் பாத்தனீங்கள்தானே, மாமா?"

பார்த்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் அழித்தேன். எந்தப் பக்கமென்று எனக்கும் தெரியவில்லை.